நடுவிலே நெகட்டிவ்

மின்னிசைக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு நாம் இதுவரை ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லை. பெரிய குறை. கவுன்சிலர் பிறந்தநாளுக்கே தெருவை அடைத்து பேனர் கட்டுகிற ஊர் இது. வயலின், நாதஸ்வரம், புல்லாங்குழல், சர்ச் ஆர்கன், மழைச் சத்தம், ஹெலிகாப்டர் சத்தம் அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பலகைக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் கரண்ட் கொடுக்கிற வேலையை மட்டும் வாங்கியவன் தலையில் கட்டிய மகான்கள் அவர்கள். ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை என்றால் நன்றி கெட்ட ஜனம் என்றுதானே உலகம் பேசும்?

ஆகவே மேடை போட்டாயிற்று. மைக் செட் வந்தாயிற்று. விருதுகளை அறிவிக்கிறோம். விருது பெறுகிறவர்கள் நேரில் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. அவர்கள் சார்பில் ஆளுக்கொரு அடாப்டரை அனுப்பிவைத்தால் போதும். அதைத்தான் அனுப்பமாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

முதல் விருது, ‘தனியாக விற்கப்படும்’ விருது. பெட்டியின் மேல் கீபோர்டு வாசிக்கிற வெள்ளைக்காரப் பையன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். பக்கவாட்டில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: அடாப்டர் தனியாக விற்கப்படும். எஃபெக்ட் பெடல் வாங்கினால் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை உள்ளே போட்டு அனுப்புவார்கள். ஒத்திகை முடிவதற்குள் அது கண்ணை மூடிவிடும். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இவர்கள் யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குத் தனி பில் போடுகிறார்கள். அந்த அங்குசமும் அடுத்த மாதம்தான் வரும் என்கிறார்கள்.

இரண்டாவது, விழாவின் தலையாய விருது: ‘நடுவிலே நெகட்டிவ்’. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

அடாப்டர் ஒயரின் நுனியில் உருளையாக ஒரு பின் இருக்கிறது. அதற்கு உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று. ஒன்றில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ். எதில் எது? வீட்டில் இருக்கிற ரூட்டர், சிசிடிவி கேமரா, செட்டாப் பாக்ஸ் என்று பெரும்பாலான சாமான்களில் நடுவில் பாசிட்டிவ். கிடார் பெடல் உலகத்தில் நடுவில் நெகட்டிவ். பாஸ் கம்பெனியின் பெடல்களுக்கும், அதைப் பார்த்து வந்த மற்றவர்களின் பெடல்களுக்கும் 9 வோல்ட், நடு நெகட்டிவ். நம் மேடைகளில் தட்டித் தட்டித் தேய்ந்த ரோலண்ட் ஆக்டாபேட் எஸ்பிடி-30க்கு 9 வோல்ட், நடு நெகட்டிவ். கோர்க் கம்பெனியின் மைக்ரோகோர்குக்கும் அதே 9 வோல்ட். ஆனால் நடு பாசிட்டிவ். யமஹாவின் சின்னக் கீபோர்டுகளுக்கு 12 வோல்ட், நடு பாசிட்டிவ். அதே யமஹாவில் கொஞ்சம் பெரியதாக வாங்கினால் 16 வோல்ட். கேசியோவின் பழைய கீபோர்டுகளுக்கு 9 வோல்ட், நடு நெகட்டிவ். அதே கேசியோவின் பிற்கால 12 வோல்ட் அடாப்டரில் நடு பாசிட்டிவ். ஒரே கம்பெனி, ஒரே பெயர்ப்பலகை, எதிரெதிர் முனை.

இதற்கு ஆதியில் ஒரு காரணம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பெடலுக்குள் பேட்டரி உண்டு. அடாப்டரைச் செருகியதும் பேட்டரி தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். விலை குறைந்த ஜாக்கில் இருந்த சுவிட்ச் வெளிவட்டத்தோடு சேர்ந்தே வந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனை ஏற்கெனவே கிடார் ஒயர் செருகும் ஜாக்கின் பொறுப்பில் இருந்தது. மிச்சமிருந்த பாசிட்டிவை வெளிவட்டத்தில் கட்டினார்கள். சில காசு மிச்சம்பிடிக்க அன்றைக்குச் செய்த ஒரு சமாளிப்பு. இன்றைக்குப் பேட்டரி போட இடமே இல்லாத பெடல்கள் வருகின்றன. அவற்றிலும் நடு நெகட்டிவ்தான். செத்துப்போன பேட்டரிக்கு வருஷா வருஷம் திவசம் நடக்கிறது. அய்யருக்குத் தட்சிணை கொடுப்பவன் வாசிக்கிறவன்.

முனை மாற்றிச் செருகினால் என்ன ஆகும்? உள்ளே ஒழுங்காக ஒரு டயோடு வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் 1என்4007 என்று கேளுங்கள். சில்லறை கொடுத்தால் கையில் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் வாங்குகிற கம்பெனிக்குப் பைசாக் கணக்கு. டயோடு போட்டால் 0.7 வோல்ட் வீணாகுமே என்று எஞ்சினியர் இழுத்தால், அந்த இழப்பும் இல்லாமல் ஒரு மாஸ்ஃபெட்டைக் கொண்டு செய்கிற வழி கல்லூரிப் பையனுக்கே தெரியும். ஆனாலும் எத்தனையோ கருவிகளில் அந்தப் பைசா மிச்சம்பிடிக்கப்பட்டிருக்கிறது. சர்வீஸ் மேஜையில் அதன் விலை இப்படித்தான் பேசப்படும்:

“என்ன ஆச்சு தம்பி?”

“தெரியலண்ணே. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“எந்த அடாப்டர் போட்ட?”

“பேடு அடாப்டர்தாண்ணே. அதுவும் ஒம்போது, இந்தக் கீபோர்டும் ஒம்போது. பின்னும் கரெக்டா உள்ள போச்சு.”

அண்ணன் பதில் சொல்லமாட்டார். பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, மூக்கைக் கிட்டே கொண்டுபோவார். வெந்த பிளாஸ்டிக் வாசனை மேஜை முழுக்கப் பரவும். ஜாக்குக்குப் பக்கத்தில் ஒரு ஐசி வயிறு வெடித்துக் கிடக்கும். “போர்டு போச்சுப்பா. கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும். இந்த மாடல் நின்னு போச்சு. வர்றதுக்குச் சான்ஸ் கம்மி.”

பின் உள்ளே போனது. அதுதான் அந்தப் பையன் செய்த குற்றம். உள்ளே போகக் கூடாத பின் உள்ளே போகும்படி ஓட்டையை வடிவமைத்தவர் எந்தக் கூண்டிலும் ஏறமாட்டார்.

மூன்றாவது விருது மாறுவேடத்துக்கு. அடாப்டர் என்றாலே நேர்மின்சாரம்தான் தரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கவும். லைன் 6 கம்பெனியின் பாட் 2.0, அலெசிஸின் மிடிவெர்ப், டிஜிடெக்கின் நான்காம் தலைமுறை வாமி பெடல் எல்லாம் கேட்பது 9 வோல்ட் மாறுமின்சாரம். பார்வைக்கு அதே கறுப்புக் கட்டி, அதே ஒயர், அதே ‘9’. வித்தியாசம், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு நேராக இருக்கிறதா நெளிந்திருக்கிறதா என்பதுதான். அந்தக் கோடும் அரை மில்லிமீட்டர் உயரத்தில், கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே புடைத்திருக்கும். படிக்க வேண்டுமென்றால் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கல்வெட்டுப் படிக்கிறவர் மாதிரி விரலால் தடவ வேண்டும். கம்பெனி லோகோ மட்டும் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும், வெள்ளை மையில். எழுத்து அச்சடிக்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள்.

நான்காவது, ‘ஆக்கிரமிப்பு’ விருது. ஸ்பைக் பஸ்டரில் ஐந்து ஓட்டை இருந்தால் தடி அடாப்டர் இரண்டே செருகலாம். பக்கத்து ஓட்டையின் மேல் அது படுத்துக்கொள்ளும். இதில் வெளிநாட்டுச் சரக்கு தனிக் கதை. அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா ஆசையாக வாங்கிவந்த கீபோர்டின் அடாப்டரில் தட்டைப் பல் இரண்டு இருக்கும். அதற்கொரு கன்வெர்ட்டர். கன்வெர்ட்டர் ஆடும், ஆடாமலிருக்க மடித்த விசிட்டிங் கார்டு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டராக இருந்தால் 120 வோல்ட்டுக்கு மட்டும் பிறந்தது அது. நம் 230-இல் செருகியதும் ஒரே ஒரு முறை உறுமும். சித்தப்பா திரும்பிப் போகிறவரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

ஐந்தாவது, பூட்டில்லாத பின்னுக்கான விருது. அதை வாங்க மேடைக்குப் பின்னால் வரவேண்டும். ஏதாவது ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷன், ஆர்கெஸ்ட்ரா. முன்னால் பூ அலங்காரம், எல்இடி திரை, மாப்பிள்ளை பெண். பின்னால் தரையில் குப்புறக் கிடக்கிற ஜங்ஷன் பாக்ஸ், அதில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த அடாப்டர்கள். கீபோர்டுகாரர் செய்திருக்கிற காரியத்தைப் பாருங்கள்: அடாப்டர் ஒயரை ஸ்டாண்டு காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பின்னைச் செருகி, அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருப்பார். லட்ச ரூபாய்க் கருவியின் உயிர் ஐந்து மில்லிமீட்டர்ப் பின் ஒன்றில், பூட்டு இல்லாமல், திருகு இல்லாமல், டேப்பை நம்பித் தொங்குகிறது.

இரண்டாவது சரணம். வீடியோக்காரர் மாப்பிள்ளையின் அத்தையைப் பிரேமுக்குள் கொண்டுவரப் பின்னால் நகர்கிறார். செருப்பில் ஒயர் மாட்டுகிறது. பின் அரை மில்லிமீட்டர் வெளியே வருகிறது. அவ்வளவுதான். கீபோர்டு செத்துவிட்டது. கையை விட்டுச் சொருகினால் மறுபடி எழுந்து, நிதானமாக லோகோ காட்டும், ‘வெல்கம்’ என்று வரவேற்கும். வாசிப்பவர் மீண்டும் விரல் வைக்கும்போது ஸ்ட்ரிங்ஸ் இருந்த இடத்தில் பியானோ இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. பாடகிக்காக டிரான்ஸ்போஸை மைனஸ் இரண்டில் வைத்திருந்தார். அது பூஜ்யத்துக்குப் போய்விட்டது. இப்போது பாடகி ஒரு சுருதி, கீபோர்டு இரண்டு அரைச்சுரம் மேலே இன்னொரு சுருதி. பெண்ணின் தாய்மாமா தாம்பூலப் பையோடு திரும்பிப் பார்க்கிறார். “என்னப்பா, ரிகர்சல் பார்க்கலியா?” என்று கேட்பார். பேசிய தொகையில் கைவைக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இந்த இழுப்பு ஒவ்வொன்றும் ஜாக்கின் கீழே இருக்கிற பற்றவைப்பில் இறங்குகிறது. அந்த ஜாக்கை மெயின் போர்டிலேயே நேராக வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். சட்டத்தில் திருகி, ஒயர் விட்டு இணைத்தால் ரெண்டு நட்டுச் செலவு. கொஞ்ச நாளில் ‘ஜாக் லூசு’. அப்புறம் பின்னை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கரண்ட் வரும். அந்தக் கோணம் உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஆறாவது, இசைச் சேவைக்கான விருது. இப்போது வருவது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் என்கிற ஸ்விட்ச் மோட் அடாப்டர். சும்மா செருகியிருந்தாலும் மின்சாரம் தின்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் கட்டிகளை நாடு நாடாகச் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். நல்ல சட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வடிகட்டும் பாகங்களில் கைவைத்து மலிவாக்கிய எஸ்எம்பிஎஸ், ஸ்பீக்கரில் ‘ஈஈஈ’ என்று ஒரு சன்னக் குரலைச் சேர்க்கும். பழைய கட்டிகளின் ஹம் 50 ஹெர்ட்ஸ். அது ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கோ நிற்கும், எந்தக் கட்டையிலும் சேராது. புதியதோ காதுக்கு எட்டுகிற எல்லை வரை போய் இழுக்கும். கம்பெனி இலவசமாகத் தருகிற தம்புரா இது.

கூடவே ஒரு சிலிர்ப்பும் இலவசம். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டருக்குள் இரைச்சலை அடக்க ஒரு குட்டிக் கெபாசிட்டர் இருக்கும். அதன் வழியாகக் கசிகிற மின்சாரம், கருவியின் உலோகப் பாகங்களைக் கிட்டத்தட்டப் பாதி மெயின் வோல்ட்டேஜில் மிதக்கவைக்கும். கசிவு மிகச் சொற்பம், ஆளைக் கொல்லாது. ஆனால் கிடார் கம்பியில் விரலும் எர்த் உள்ள மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது சுரீர் என்று ஒரு கடி. காதல் பாட்டுப் பாடுகிறவர் திடுக்கிட்டுப் பின்வாங்குவதைக் கீழே இருக்கிறவர்கள் பாட்டின் பாவம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

போதும். கை தட்டித் தட்டி வலிக்கிறது. பொன்னாடைகளை மடித்து வைத்துவிட்டு நேராகவே கேட்கிறேன்.

பவர் சப்ளையை ஏன் கருவிக்கு வெளியே தூக்கிப் போட்டீர்கள்? பதில் தெரியாமல் கேட்கவில்லை. 230 வோல்ட் உள்ளே நுழைந்தால் முழுக் கருவிக்கும் நாட்டுக்கு நாடு பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். சூடு, ஹம், காப்பு இடைவெளி என்று எஞ்சினியரிங் வேலை கூடும். பெட்டி தடிக்கும். வெளியே போட்டால், ஏற்கெனவே சான்றிதழ் உள்ள கட்டியை யாரோ ஒரு தயாரிப்பாளரிடம் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். கருவி உலகம் முழுக்க ஒன்றே. நாட்டுக்குத் தக்க கட்டியை மட்டும் மாற்றினால் போதும். எல்லாம் நியாயமான கணக்குதான். அந்த மிச்சத்தில் எங்களுக்கு என்ன வந்தது? சான்றிதழ்த் தொல்லை உங்களை விட்டுப் போனது. அடாப்டர்த் தொல்லையாக எங்கள் வீட்டில் குடியேறியது.

உள்ளே வைக்க முடியாது என்று சொல்லிவிட முடியுமா? 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-க்குள் பவர் சப்ளை உள்ளேயே இருந்தது. சுவரிலிருந்து ஒயர், கருவிக்கு நேராக. இன்றைக்கும் கம்ப்யூட்டருக்கும் பெரிய ஆம்ப்ளிஃபையருக்கும் போடுகிற மூன்று ஓட்டைப் பவர் கார்டு எந்த ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். கச்சேரிக்குப் போன இடத்தில் மறந்துவிட்டால் மண்டபத்து மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவிக்கொண்டு வரலாம். அதற்கு முனை இல்லை, கோணம் இல்லை, ரகசியம் இல்லை. எர்த் மட்டும் இருக்கிறது.

சரி, நீங்கள் ஒற்றுமையாக ஒரு முடிவு எடுக்கத் தெரியாத கூட்டமா என்றால், அதுவும் இல்லை. அதே 1983, ஜனவரி மாதம், கலிஃபோர்னியாவில் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சி. அமெரிக்கக் கம்பெனியான சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600-ஐயும், ஜப்பான் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ஐயும் ஒரே ஒயரில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றது பாடியது. சந்தையில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தவர்கள், யமஹாவும் கோர்கும் கவாயும் சேர்ந்து, மிடி என்ற ஒரே மொழிக்கு ஒப்புக்கொண்டார்கள். ஐந்து பின் வட்டச் செருகி, எந்தப் பின்னில் எது என்று தீர்மானம், யாருக்கும் ராயல்டி கிடையாது. சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷிக்கும் 2013-இல் இதற்காகத் தொழில்நுட்பக் கிராமி கொடுத்தார்கள். 40 ஆண்டு தாண்டியும் அன்றைய கீபோர்டும் நேற்று வந்த கீபோர்டும் அந்த ஒயரில் பேசிக்கொள்கின்றன. கிடாரைச் செருகுகிற கால் அங்குல ஜாக்கோ 19-ஆம் நூற்றாண்டு டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. அதையும் எல்லோரும் ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஸ்வரம் போகிற ஓட்டைக்கு ஒப்பந்தம் உண்டு. சத்தம் போகிற ஓட்டைக்கு ஒப்பந்தம் உண்டு. உயிர் போகிற ஓட்டைக்கு மட்டும் கிடையாது. காரணம் எளிது. மிடி இல்லாவிட்டால் உங்கள் கீபோர்டோடு அடுத்தவன் டிரம் மெஷின் சேராது, விற்பனை படுக்கும். ஒற்றுமையில் லாபம் இருந்தது, ஒற்றுமையானீர்கள். அடாப்டர்க் குழப்பத்தில் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டம் முழுக்க வாங்கியவனுக்கு. ஒருவேளை போர்டு போனால் புதுக் கருவி விற்கும். எனவே குழப்பம் தொடர்கிறது. இதை அலட்சியம் என்று சொல்வது உங்களுக்குச் செய்கிற மரியாதை. இது கணக்குப் போட்டுச் செய்கிற காரியம்.

தரம் வகுக்க ஆளில்லாமலும் போகவில்லை. ஜப்பானிலேயே மின்னணுத் தொழில் சங்கம், வோல்ட்டேஜுக்கு ஒரு அளவில் பின், தப்பான பின் உள்ளே போகாது, நடுவில் பாசிட்டிவ் என்று அருமையாக ஒரு தரம் எழுதியது. ரோலண்டும் பாஸும் ஜப்பான் கம்பெனிகள்தான். பக்கத்துத் தெருவில் எழுதிய சட்டம் இந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

செல்போன்காரர்களும் ஒரு காலத்தில் இதே ஆட்டம் ஆடினார்கள். கம்பெனிக்கு ஒரு பின், மாடலுக்கு ஒரு பின். கெஞ்சிப் பார்த்த ஐரோப்பிய ஒன்றியம் கடைசியில் 2022-இல் சட்டமே போட்டது. வீணாகிக் குப்பைக்குப் போகிற சார்ஜர்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் என்று அவர்கள் கணக்கு. 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையடக்க வீடியோ கேம், கையடக்க ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் டைப்-சி கட்டாயம். இந்தியாவிலும் தர நிர்ணய அமைப்பு டைப்-சி சார்ஜருக்குத் தரம் வெளியிட்டிருக்கிறது. ஐரோப்பியப் பட்டியலை மேலிருந்து கீழ் படித்துப் பாருங்கள்: மின்புத்தகம் இருக்கிறது, கம்ப்யூட்டர் மௌஸ்கூட இருக்கிறது. சின்தசைசர் இல்லை, ரிதம் பேடு இல்லை, எஃபெக்ட் பெடல் இல்லை. சட்டம் கதவைத் தட்டாத வீட்டில் யாரும் எழுந்து விளக்குப் போடமாட்டார்கள்.

டைப்-சி தானாகவே வருகிறதே என்று ஒருவர் கை தூக்குகிறார். வருகிறது, எப்படி வருகிறது என்று பாருங்கள். அந்த ஓட்டைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்கவேண்டும். அவை இருந்தால்தான் சார்ஜர், ‘ஓ, ஒரு கருவி வந்திருக்கிறது’ என்று புரிந்துகொண்டு கரண்ட் விடும். சில கருவிகளில் ஓட்டை டைப்-சி, ரெசிஸ்டரைக் காணோம். டைப்-சி சார்ஜரில் டைப்-சி ஒயரைச் செருகினால் சவம் மாதிரி கிடக்கும். பழைய தட்டை யூஎஸ்பி முனை ஒயரைத் தேடிப்பிடித்துச் செருகினால்தான் விழிக்கும். இரண்டு ரெசிஸ்டர்! அதற்கும் பைசாக் கணக்கு. டயோடில் ஆரம்பித்த கஞ்சத்தனம் பரம்பரைச் சொத்தாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

‘எங்கள் ஒரிஜினல் அடாப்டரைத் தவிர வேறு பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது’ என்று கையேட்டில் மிரட்டல். சரி, ஒரிஜினல் கொடுங்கள். “ஸ்டாக் இல்ல தம்பி, ஆர்டர் போட்டாத்தான் வரும்.” எப்ப வரும்? “சொல்றேன்.” கச்சேரி நாளைக்கு. அந்தப் பையன் எங்கே போவான்? 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று திருப்புகிற வசதியும், முனையை மாற்றிப் போடுகிற வசதியும் உள்ள சர்வரோக நிவாரணி அடாப்டரிடம் போவான். அதன் மேல் இரண்டு ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணை அச்சடித்தவருக்கு ஆம்பியர் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பேஸ் டிரம் விழுகிற ஒவ்வொரு தட்டுக்கும் டிஸ்பிளே மங்கி மங்கி எரியும். டூப்ளிகேட் விற்கிறவரைத் திட்டுவது சுலபம். அவருக்குக் கடை வைத்துக்கொடுத்தவர்கள் ஒரிஜினல்காரர்கள்தான்.

கவனியுங்கள், இதில் அடிபடுகிறவர் பெரிய ஸ்டுடியோக்காரர் இல்லை. அவரிடம் உதிரி இருக்கும், உதவியாளர் இருப்பார். அடிபடுகிறவர் முகூர்த்த மாதங்களில் சம்பாதித்து ஆடி மாதத்தில் கடன் வாங்குகிற ஆர்கெஸ்ட்ராக்காரர். தவணையில் கீபோர்டு வாங்கிய கிராமத்துச் சர்ச். நன்கொடையில் வந்த ஒரே கருவியை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற அரசுப் பள்ளிப் பாட்டு டீச்சர். அந்தப் பள்ளியில் அடாப்டர் தொலைந்தால் கீபோர்டு அந்தக் கல்வியாண்டு முழுக்க மேஜை விரிப்புக்குக் கீழே கிடக்கும். ஒரு கருவியை ஊமையாக்கச் சுத்தியல் வேண்டாம். பின் தொலைந்தால் போதும்.

கோரிக்கை ஒன்றும் நிலாவைப் பிடித்துக் கொடுங்கள் என்பதல்ல. ஓட்டைக்கு மேலே வோல்ட், ஆம்பியர், முனை மூன்றையும் வெள்ளை எழுத்தில், மேடை வெளிச்சத்தில் படிக்கிற அளவில் அச்சடியுங்கள். அடாப்டரிலும் அப்படியே. முனை மாறினால் கருவி சும்மா இருக்கட்டும், சாகக் கூடாது. ஜாக்கைச் சட்டத்தில் திருகுங்கள்; பின்னுக்கு ஒரு பூட்டு வையுங்கள். மின்சாரம் போய் வந்தால் கடைசியாக இருந்த டோனும் டிரான்ஸ்போஸும் திரும்ப வரட்டும். பெரிய கருவியில் பவர் சப்ளையை உள்ளே வையுங்கள். சின்னதில் டைப்-சி வையுங்கள், ரெசிஸ்டரோடு. 1983-இல் கூடிய மாதிரி இன்னொரு முறை கூடி, நடுவில் எது என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். அது வரை பெட்டிக்குள் அடாப்டரைப் போட்டு அனுப்புங்கள். எங்கள் அரசாங்கங்களும் டைப்-சி பட்டியலில் இந்தக் கருவிகளைச் சேர்க்கட்டும். சட்டம் வந்தால்தான் உங்களுக்கு ஞானம் வரும் என்பதைச் செல்போன்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் தமிழ்ப் புலவர்களின் கடைசி ஆயுதத்தை எடுக்கிறேன். அறம் பாடுவது, அதாவது பாட்டாலேயே சாபம் கொடுப்பது. பல்லவ மன்னன் நந்திவர்மன், தன்மேல் அறம் வைத்துப் பாடிய கலம்பகம் கேட்டே மாண்டான் என்று ஒரு கதை உண்டு. எனக்குக் கலம்பகம் வராது, உரைநடையில் பாடுகிறேன்.

முனையை மாற்றி வைத்தவர் வீட்டு லிஃப்டில் ‘மேலே’ என்ற பொத்தான் கீழே போகட்டும். எந்த மாடியில் எப்படி என்பதைக் கறுப்புச் சுவரில் கறுப்பு எழுத்தில் பொறித்து வைக்கட்டும். ‘தனியாக விற்கப்படும்’ என்று அச்சடித்தவர் புதுக் கார் வாங்கட்டும். சாவி தனியாக விற்கப்படட்டும். அது ஆர்டர் போட்டால்தான் வரட்டும். டயோடில் பைசா மிச்சம்பிடித்தவரின் ஓய்வூதியம் வங்கியில் ஏறவேண்டிய நாளெல்லாம் இறங்கட்டும். பின்னுக்குப் பூட்டு வைக்காதவர் ஆண்டுக் கூட்டத்தில் லாபக் கணக்கு வாசிக்கும்போது ஒவ்வொரு வீடியோக்காரரின் செருப்பிலும் அவர் மைக் ஒயர் மாட்டட்டும். பிறகு அவர்கள் எல்லோரும் சேர்ந்து நியாயம் கேட்க ஒரு உதவி எண்ணைக் கூப்பிடட்டும். முக்கால் மணி நேரம் கீபோர்டு இசை கேட்டபடி காத்திருக்கட்டும். கடைசியில் ஒரு குரல் தேனாக வந்து, “சார், நீங்க எங்க ஒரிஜினல் அடாப்டரைத்தான் யூஸ் பண்ணீங்களா?” என்று கேட்கட்டும்.